ஆபீஸ் சர்வருக்கு எஸ்.எஸ்.டி. வாங்குவது எப்படி? வேலூர் வட்டாரத் தொழில்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட், ராணிப்பேட்டையில் டேனரி, வேலூர் ஆற்காடு ரோட்டில் ஸ்கேன் சென்டர், குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம். தொழில் எதுவானாலும் பின்னறையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். டேலி, பில்லிங், ஸ்டாக், நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான். பழைய ஹார்டு டிஸ்க் தள்ளாட ஆரம்பித்ததும் "எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாம்" என்று முடிவாகும்; சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் தகவலை வைக்கும் டிரைவ் அது. கடைக்குப் போனால் பெட்டியின் மேல் வினாடிக்கு 550 எம்.பி. என்றோ 7,000 எம்.பி. என்றோ பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்தே பலரும் வாங்கிவிடுகிறார்கள்.

பத்துப் பதினைந்து பேர் உட்காரும் ஆபீஸுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: டிரைவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது பிழைக்குமா? அதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. ஆனாலும் முதலில் ஒரு அளவு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதப்படுகிறது?

எஸ்.எஸ்.டி. தேய்வது எழுதுவதால், படிப்பதால் ஏற்படும் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆகவே உங்கள் சர்வர் ஒரு நாளைக்கு எத்தனை ஜி.பி. எழுதுகிறது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இப்போது இருப்பதும் எஸ்.எஸ்.டி. என்றால் வேலை சுலபம். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் மென்பொருள் இருந்தால் போதும். இதுவரை மொத்தம் எழுதியது எவ்வளவு என்பதைத் திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் குறித்துவையுங்கள். அடுத்த திங்கள் அதே நேரத்தில் மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 7 ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சாட்டா என்னும் வழக்கமான இணைப்பு கொண்ட டிரைவ்களில் சில 512 பைட் கொண்ட செக்டர் எண்ணிக்கையாகக் காட்டும். சில 32 எம்.பி. கட்டுகளாக, சில நேராக ஜி.பி.யாகக் காட்டும். என்.வி.எம்.இ. என்னும் வேகமான புதிய இணைப்பு கொண்ட டிரைவில் ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். அலகு தெரியாமல் பெருக்கினால் கணக்கு ஆயிரம் மடங்கு கூடத் தவறும்.

உதாரணமாக, ஒரு வாரத்தில் 15 கோடி செக்டர் கூடியிருந்தால் 15 கோடி × 512 பைட் = 76.8 ஜி.பி. நாளைக்குச் சுமார் 11 ஜி.பி. பழையது ஹார்டு டிஸ்க் என்றால் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் அது வைத்திருக்காது. அப்போது விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் வினாடிக்கு எழுதும் பைட் அளவை ஒரு வாரம் பதிவு செய்ய விட்டு, சராசரியை ஒரு நாளின் வினாடிகளான 86,400 ஆல் பெருக்குங்கள்.

எந்த வாரத்தில் அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாதா மாதம் ஜி.எஸ்.டி. கட்டும் நிறுவனத்தில் 11, 20 தேதிகளை ஒட்டி வேலை குவியும். மார்ச் கடைசி சொல்லவே வேண்டாம். அமைதியான வாரத்தை மட்டும் அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். கிடைத்த எண்ணை இரண்டால் பெருக்கிவைத்தால் அடுத்த சில ஆண்டு வளர்ச்சிக்கும் இடம் இருக்கும்.

இந்த இடத்தில் சி.சி.டி.வி. பற்றிச் சொல்லியாக வேண்டும். 16 கேமரா, ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 மெகாபிட் என்றால் சேர்த்து 64 மெகாபிட், அதாவது 8 எம்.பி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 691 ஜி.பி. கணக்குப் புத்தகம் ஆறு மாதத்தில் எழுதாததை கேமரா சில நாளில் எழுதிவிடும். கேமரா பதிவைச் சர்வரின் எஸ்.எஸ்.டி.யில் வைக்காதீர்கள். அதற்குக் கண்காணிப்பு வகை ஹார்டு டிஸ்க் தனியாக, தனி டி.வி.ஆரில் இருக்கட்டும்.

ஆயுள் கணக்கு

டிரைவின் விவரத்தாளில் இரண்டு அளவுகளில் ஒன்று இருக்கும். டி.பி.டபிள்யூ. என்பது வாரன்டிக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பது. டி.டபிள்யூ.பி.டி. என்பது வாரன்டி காலம் முழுக்க நாள்தோறும் டிரைவை எத்தனை முறை நிரப்பி எழுதலாம் என்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது. 960 ஜி.பி. டிரைவ், நாளைக்கு 1 முறை, 5 ஆண்டு என்றால் 0.96 × 365 × 5 = 1,752 டி.பி. கிங்ஸ்டன் டி.சி.600எம் 960 ஜி.பி. டிரைவுக்கு அந்நிறுவனம் தரும் எண் இதுதான். சாம்சங் 870 ஈவோ 1 டி.பி. போன்ற மேசைக் கணினி ரகத்துக்கு 600 டி.பி.; நாளைக்கு டிரைவின் மூன்றில் ஒரு பங்கை எழுதலாம் என்று வரும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். நாளைக்கு 11 ஜி.பி., இரட்டித்தால் 22. ஐந்து ஆண்டுக்கு 22 × 1,825 = சுமார் 40 டி.பி. சிறு சிறு தகவல்களைச் சேமிக்க டிரைவ் உள்ளுக்குள் பெரிய பிளாக்குகளை அழித்து எழுத வேண்டியிருப்பதால் நிஜத் தேய்மானம் கூடும். டேட்டாபேஸ் வேலைக்கு இன்னும் மூன்று மடங்கு வைத்தாலும் 120 டி.பி. மேசைக் கணினி ரகமே இதைத் தாங்கும்.

ஆகவே "சர்வருக்கு மிக்ஸட் யூஸ், நாளைக்கு 3 முறை எழுதும் ரகம்தான் வேண்டும்" என்று யாராவது விலை கூட்டினால் இந்தக் கணக்கை முன்னால் வையுங்கள். சிறு ஆபீஸுக்கு ரீட் இன்டென்சிவ் என்று விற்கும், நாளைக்கு 1 முறை அல்லது அதற்கும் கீழான ரகமே தாராளம். பெரிய ஸ்கேன் படங்கள் இரவு பகலாக வந்து விழும் இடம், ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போலப் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் இடம் இவற்றில்தான் கணக்கு மாறும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் சர்வர் ரக டிரைவுக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? கரண்டுக்காக.

கரண்ட் போகும் அந்த நொடி

எஸ்.எஸ்.டி.க்குள் எல்லாவற்றையும் நடத்தும் ஒரு கன்ட்ரோலர், தகவல் தங்கும் ஃபிளாஷ் சிப்புகள், பெரும்பாலும் டிராம் எனப்படும் தற்காலிக நினைவகமும் சிறிது இருக்கும். எந்தத் தகவல் எந்தச் சிப்பில் எந்த மூலையில் இருக்கிறது என்னும் விலாசப் பட்டியல் அந்த டிராமில் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த தகவலும் முதலில் அங்கேதான் தங்கும். டிராமுக்கு கரண்ட் இல்லையென்றால் ஞாபகமும் இல்லை.

கரண்ட் திடீரென்று போனால் இரண்டு வகையில் அடி விழும். கடைசி சில நொடிகளில் போட்ட பில் காணாமல் போவது ஒன்று. அதையாவது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். விலாசப் பட்டியல் பாதி எழுதிய நிலையில் நின்றுபோவது மற்றொன்று. மறுபடி ஸ்விட்ச் போட்டால் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் டிரைவ் தெரியாது, அல்லது 0 பைட் என்று காட்டும். சிப்பில் தகவல் அப்படியே இருக்கும், விலாசம்தான் இருக்காது. பல கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் தாமாகவே சங்கேதமாக மாற்றி (என்கிரிப்ட் செய்து) எழுதுவதால் சிப்பைக் கழற்றிப் படிப்பதும் பெரும்பாலும் பலிக்காது.

சர்வர் ரக டிரைவில் இதற்கென்றே கெப்பாசிட்டர் வரிசை பொருத்தியிருப்பார்கள். கரண்ட் போனதும் அதில் தேங்கிய மின்சாரத்தைக் கொண்டு டிராமில் இருப்பதைச் சிப்பில் இறக்கிவிட்டுத்தான் டிரைவ் அணையும். பவர் லாஸ் புரொடெக்‌ஷன், சுருக்கமாகப் பி.எல்.பி. என்பது இதுதான்.

இதில் வேகமும் சேர்ந்து கிடைக்கிறது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் "உறுதியாக எழுதிவிட்டாயா?" என்று டிரைவைக் கேட்கும். கெப்பாசிட்டர் இல்லாத டிரைவ் நேர்மையாக நடந்துகொண்டால், ஒவ்வொரு முறையும் சிப் வரை எழுதி முடித்த பிறகுதான் ஆமாம் சொல்ல முடியும். அப்போது வினாடிக்குச் சில நூறிலிருந்து ஓரிரண்டாயிரம் உறுதிகள் கிடைத்தாலே அதிகம். கெப்பாசிட்டர் உள்ள டிரைவ் டிராமில் வாங்கியவுடனே உறுதி தரலாம். பல்லாயிரம் வரை போகும். வினாடிக்கு 7,000 எம்.பி. என்று போட்ட மேசைக் கணினி டிரைவ், எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு சாதாரண சாட்டா சர்வர் டிரைவிடம் தோற்பது இதனால்தான்.

வாங்கும்போது வார்த்தை ஜாலத்துக்கு ஏமாறாதீர்கள். சில டிரைவ்களில் பவர் லாஸ் பற்றி ஏதோ ஒரு வரி இருக்கும். தேடிப் படித்தால் "ஏற்கெனவே சிப்பில் இறங்கிய தகவலுக்கு மட்டும்" என்றிருக்கும். அது போதாது. வந்துகொண்டிருக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு உண்டு, அதற்குக் கெப்பாசிட்டர் உண்டு என்று விவரத்தாள் சொல்ல வேண்டும். மைக்ரான் 5400 ப்ரோ, சாம்சங் பி.எம்.893, சாலிடைம் டி3 எஸ்4520, மேலே சொன்ன டி.சி.600எம் ஆகியவை இந்த வகை சாட்டா டிரைவ்கள். இன்டெல்லின் எஸ்.எஸ்.டி. பிரிவுதான் எஸ்.கே. ஹைனிக்ஸ் கைக்குப் போய் 2021 கடைசியில் சாலிடைம் ஆனது. பழைய இன்டெல் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம்.

"யு.பி.எஸ். இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும், ஆனால் இதற்கு அது மாற்று ஆகாது. சர்வருக்குள் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி புகைந்தால், கூட்டுபவர் பிளக்கை இடித்துவிட்டால், ஹேங் ஆனதென்று யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் யு.பி.எஸ். என்ன செய்யும்? அதோடு லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கும். ஏ.சி. இல்லாத அறையில் வேலூர் வெயிலில் நிற்கும் பேட்டரி சொன்ன ஆண்டுக்கு முன்பே தளர்ந்துவிடும். கரண்ட் போகும் நாளில்தான் அது தெரியவரும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளில் நல்ல பேட்டரியும் தீர்ந்துவிடும். யு.பி.எஸ்.ஸின் யு.எஸ்.பி. கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமைத்துவிடுங்கள். பல இடங்களில் அந்தக் கேபிள் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

உங்கள் சர்வரில் எது பொருந்தும்?

வாங்கும் முன் சர்வரைத் திறந்து பாருங்கள். முன்பக்கம் கேடி எனப்படும் செருகுத் தட்டில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்தால், 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த அந்த மாடலுக்குரிய அடாப்டர் வேண்டும். பொது அடாப்டரில் பின்பக்கக் கனெக்டர் சில மில்லிமீட்டர் தள்ளி நின்று, டிரைவ் அரைகுறையாக உட்காரும். பிறகு அடிக்கடி துண்டிக்கும்.

மதர்போர்டில் பட்டை வடிவ டிரைவ் செருகும் எம்.2 இடம் இருந்தால் நீளத்தைப் பாருங்கள். கெப்பாசிட்டருக்கு இடம் தேவைப்படுவதால் பி.எல்.பி. உள்ள எம்.2 டிரைவ்கள் பெரும்பாலும் 110 மி.மீ. நீளமானவை. பல மதர்போர்டுகளில் 80 மி.மீ. வரைதான் திருகு ஓட்டை இருக்கும். 2.5 அங்குல வடிவில் வரும் யு.2 வகை என்.வி.எம்.இ. டிரைவுக்கு, டிரைவ்களைச் செருகும் பின்பலகையான பேக்பிளேனும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், காற்றோட்டமும் பலமாக வேண்டும்.

கணக்கு, பில்லிங், சிறு டேட்டாபேஸ் என்றால் சாட்டாவே போதும் என்பது எங்கள் துணிபு. பழைய சர்வரிலும் பொருந்தும், சூடு குறைவு, நாளை பழுதானால் மாற்று டிரைவ் சுலபமாகக் கிடைக்கும்.

இரண்டாக வாங்குங்கள்

ஒற்றை டிரைவில் தொழிலை வைக்கக் கூடாது. ஒரே கொள்ளளவில் இரண்டு வாங்கி ரெய்டு 1 ஆக, ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி அமையுங்கள். இதில் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு டிரைவும் ஒரே தகவலை எழுதி, ஒரே நேரம் ஓடுவதால் இரண்டும் ஒன்றாகவே கிழமாகும். டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் இரண்டும் ஒன்றாகவே விழும். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் எஸ்.ஏ.எஸ். என்னும் சர்வர் இணைப்பு கொண்ட தன் சில எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், தகவலையும் மீட்க முடியாது என்று அறிவித்துப் புதிய ஃபர்ம்வேரை வெளியிட்டது. 32,768 மணி என்பது 3 ஆண்டு 270 நாள் 8 மணி. ஒரே நாளில் ஸ்விட்ச் போட்ட நான்கு டிரைவ் இருந்தால் நான்கும் ஒரே நாளில் போய்விடும், ரெய்டு காப்பாற்றாது.

ஆகவே இரண்டில் ஒன்றை வேறு கம்பெனியில் வாங்குங்கள். 960 ஜி.பி.க்கு ஜோடி 960 ஜி.பி.யாகவே இருக்கட்டும், கொள்ளளவு குறைந்தால் பின்னால் மாற்று டிரைவாகச் சேராமல் போகலாம். ஹார்டுவேர் ரெய்டு கார்டு இருந்தால் அதன் பட்டியலில் உங்கள் டிரைவ் உண்டா என்று பாருங்கள். பல கார்டுகள் டிரிம் கட்டளையைக் கடத்துவதில்லை. அழித்த இடம் காலியானது டிரைவுக்குத் தெரியாமல் போய், மாதங்கள் கழித்து எழுதும் வேகம் மந்தமாகும். அப்படியானால் கொள்ளளவில் 10 சதவீதத்தை ஆரம்பத்திலேயே பார்டிஷன் போடாமல் விட்டுவிடுங்கள். சில பிராண்டு சர்வர்கள் வெளி டிரைவைக் கண்டால் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். டிரைவ் கெட்டதாக நினைக்க வேண்டாம்.

ரெய்டு இருந்தாலும் பேக்கப் தனி. தவறுதலாக அழித்த ஃபைலை இரண்டாவது டிரைவும் அதே நொடியில் விசுவாசமாக அழித்துவிடும்.

வெயிலும் டேனரிக் காற்றும்

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆபீஸ் பூட்டியதும் ஏ.சி.யும் நின்றுவிடுகிறது, சர்வர் மட்டும் மூடிய அறையில் ஓடுகிறது. ஞாயிறு மதியம் அந்த அறை என்ன சூட்டில் இருக்கும் என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். என்.வி.எம்.இ. டிரைவ்கள் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாட்டா டிரைவ் அவ்வளவு சூடாகாது. இந்த ஊருக்கு அதுவும் ஒரு அனுகூலம்.

டேனரிகளில் இன்னொரு எதிரி உண்டு. முடி நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்தில் சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அமிலத்தன்மை கூடும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். வெள்ளியையும் செம்பையும் அது கறுக்க வைத்து அரிக்கும். சர்க்யூட் போர்டில் இருப்பதும் அவைதான். வெள்ளிக் கொலுசு கறுக்கும் அறையில் சர்வர் நீடிக்காது. டிரம் ஓடும் ஷெட்டிலிருந்து தள்ளி, கதவு இறுக மூடும் அறையில், வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல் குளிர்விக்கும் ஸ்பிளிட் ஏ.சி.யோடு வையுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த டிரைவும் இந்தக் காற்றைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கடையில்

சர்வர் ரக டிரைவ்கள் உள்ளூர்க் கடையில் கையிருப்பில் இருப்பது அரிது; வரவழைத்துத் தருவார்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் விலை குறைவாகவும் கிடைக்கலாம், அங்கேதான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டு டேட்டா சென்டர்களில் கழற்றிய டிரைவ்கள் "புதுசு மாதிரி" என்று வரும். சர்வர் கம்பெனிகளுக்காகச் செய்த டிரைவுகளும் வரும். அவற்றுக்கு டிரைவ் தயாரிப்பாளர் உங்களுக்கு நேராக வாரன்டி தரமாட்டார்.

பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா, எது வரை என்று பாருங்கள். பில்லில் மாடல் எண், சீரியல் எண், உங்கள் ஜி.எஸ்.டி. எண் மூன்றும் இருக்கட்டும். வாரன்டி 5 ஆண்டு அல்லது சொன்ன டி.பி.டபிள்யூ., எது முதலில் முடிகிறதோ அதோடு சரி.

பொருத்தியவுடன் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புது டிரைவில் ஓரிரு மணிக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். தகவல் ஏற்றிய பின் அந்த வேலைக்குத் துணிவு வராது. டிரைவ் முழுவதையும் ஒரு முறை எழுதிப் படித்துப் பாருங்கள். போலியாகக் கொள்ளளவு காட்டும் டிரைவ் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, இன்னும் காலியாக இருக்கும்போதே ஒரு சோதனை. ஒரு சிறு புரோகிராம், வரிசை எண்களை ஒவ்வொன்றாக டிரைவில் உறுதிப்படுத்தி எழுதி, எழுதியதை வேறொரு கணினியின் திரையிலும் காட்டட்டும். நடுவில் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி ஆன் செய்து, திரையில் கடைசியாக வந்த எண் டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து முறை செய்யுங்கள். ஒரு முறை தவறினாலும் டிரைவையோ ரெய்டு கார்டு தகவலைத் தற்காலிகமாக வைக்கும் கேஷ் அமைப்பையோ நம்ப முடியாது. டிரைவில் இறங்கும் முன்பே எழுதியாயிற்று என்று சொல்லும் ரைட் பேக் முறையைக் கார்டில் பேட்டரி இல்லாமல் போட்டிருந்தால் டிரைவில் இருக்கும் கெப்பாசிட்டர் வீண்.

ஓட ஆரம்பித்த பிறகு

மாதம் ஒரு முறை தேய்மான சதவீதம், பழுதானதற்கு மாற்றாக ஒதுக்கிய மிச்ச பிளாக்குகள், வெப்பநிலை இம்மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரெய்டு கார்டில் ஒரு டிரைவ் விழுந்தால் இமெயில் வரும்படி அமைத்து, ஒன்றைக் கழற்றிப் பார்த்து, மெயில் நிஜமாகவே வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. நேற்று ஓடியது இன்று இல்லை என்றாகிவிடும். தேய்மானம் 80 சதவீதம் வந்ததும் மாற்று டிரைவுக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

கழற்றிய டிரைவைப் பேக்கப்பாக பீரோவில் வைக்காதீர்கள். சிப் தொழில்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, ஆயுள் தீர்ந்த சர்வர் ரக எஸ்.எஸ்.டி. கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் தகவலைக் காத்தால் போதும். மேசைக் கணினி ரகத்துக்கு 30 டிகிரியில் 1 ஆண்டு. பங்குனியில் உள்ளே வைத்ததை ஆடியில் எடுத்தால் இருக்குமோ இருக்காதோ. நெடுநாள் பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க்கே நல்லது.

விற்கவோ தூக்கிப் போடவோ போகிறீர்கள் என்றால் ஃபார்மட் போதாது. அழித்ததாகக் காட்டும் பகுதிகளும் உள்ளே ஒதுக்கிவைத்த பகுதிகளும் அப்படியே இருக்கும். தயாரிப்பாளரின் மென்பொருளில், டிரைவ் முழுவதையும் அழிக்கும் செக்யூர் இரேஸ் கட்டளை கொடுங்கள். சில நிமிடத்தில் முடியும். டிரைவ் செத்துப்போய்க் கட்டளை ஏற்காத நிலையில், நோயாளி விவரமோ வாடிக்கையாளர் கணக்கோ அதில் இருந்தால், பழைய சாமான் கடைக்குப் போகும் முன் மூடியைத் திறந்து ஒவ்வொரு கறுப்புச் சிப்பையும் சுத்தியலால் உடையுங்கள். போர்டை இரண்டாக மடித்தால் மட்டும் போதாது. சிப் முழுசாக இருந்தால் தகவலும் முழுசாக இருக்கும்.